பழைய மடிக்கணினியிலும் பாடம் பார்க்கலாம்!

திண்டுக்கல் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பூட்டுதான். 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற பெருமையும் நம் ஊர்ப் பூட்டுக்கு உண்டு. பூட்டுத் தொழிலாளி ஒருவரிடம் திறக்காத பழைய பூட்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவர் உடனே சுத்தியலை எடுப்பதில்லை. தூசியைத் துடைப்பார், இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார், அதற்குரிய சாவி எது என்று பார்ப்பார். பெரும்பாலும் பூட்டு திறந்துவிடும். கெட்டது பூட்டன்று, நாம் போட்ட சாவிதான் தவறு என்பது அப்போது விளங்கும்.

பழைய கணினியும் இப்படிப்பட்டதே என்பதை இந்த ஆண்டு நாங்கள் அறிந்துகொண்டோம். ‘இதில் காணொளி ஓடாது’ என்று ஒதுக்கிவைத்த மடிக்கணினி ஒன்றில் இன்று நாங்கள் நால்வர் சேர்ந்து பாடம் பார்க்கிறோம். புதிதாக ஒரு பைசாவுக்கும் உதிரிப்பாகம் வாங்கவில்லை. அதை எவ்வாறு செய்தோம், ஏன் அவ்வாறு செய்தால் ஓடுகிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலமாரியில் இருந்த அன்பளிப்பு

தமிழக அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயின்ற மாணவ மாணவியர் பல லட்சம் பேர் அதனால் பயன்பெற்றனர். எல்காட் நிறுவனத்தின் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட அம்மடிக்கணினிகளில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. பாஸ் என்பது சி-டாக் என்னும் நடுவண் அரசு நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம், 2007-இல் வெளிவந்தது. அதற்கு அடிப்படையாக அமைந்தது டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பு. அந்த லினக்ஸுக்கு வித்திட்டவரும் ஒரு மாணவரே. பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல், தம் 21-ஆம் வயதில், அதனை உலகிற்கு அறிவித்தார். அதனை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம்.

எங்கள் தோழி ஒருத்தியின் சித்தி 2012-இல் பிளஸ் டூ படித்தபோது பெற்ற மடிக்கணினி, பழைய சேலை ஒன்றில் சுற்றப்பட்டு அலமாரியின் மேல்தட்டில் கிடந்தது. அதிலிருந்த விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் நிறுவனம் அளித்துவந்த பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது. ‘பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடலாம்’ என்று வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

தோழியின் வீட்டிலோ இருப்பது ஒரே ஒரு கைப்பேசி. இரவு வேலைக்கு வேடசந்தூர் நூற்பாலைக்குச் செல்லும் அவள் அப்பாவுடன் அதுவும் போய்விடும். மாலை நேரத்தில் கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை யூடியூபில் பார்க்க அவளுக்கு வழியில்லை. மின்னியல் பாடத்தில் தொடர் இணைப்பும் பக்க இணைப்பும் அவளுக்குக் குழப்பமாகவே இருந்தன. பொதுத் தேர்வு எங்களுக்கும் ஒன்றுதான், அவளுக்கும் ஒன்றுதான் அல்லவா? ஆகவே அலமாரியில் இருந்த அந்தப் பெட்டியை எழுப்பிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

முதலில் நோயை அறிய வேண்டும்

பெட்டி எழுந்தது; இணையமும் வந்தது. ஆனால் காணொளி மட்டும் ஓடவில்லை. ஆசிரியையின் குரல் ஒரு பக்கமும் படம் ஒரு பக்கமுமாக இழுத்துக்கொண்டு நின்றது. ‘சிக்னல் இல்லை’ என்று நாங்களே தீர்மானித்துக்கொண்டு மொட்டை மாடிக்குத் தூக்கிச் சென்றோம். தண்ணீர்த் தொட்டியின் மேலே வைத்துப் பார்த்தும் பயனில்லை. பிறகுதான், காணொளி தடைப்படுவதில் இரண்டு வகை உண்டு என்பதைக் கற்றோம்.

முதல் வகை, இணையம் மெதுவாக இருப்பதால் வருவது. அப்போது திரையின் நடுவில் வட்டம் சுற்றும். படமும் ஒலியும் சேர்ந்தே நிற்கும். சற்று நேரம் கழித்துச் சேர்ந்தே ஓடும்.

இரண்டாம் வகை, கணினியால் ஈடுகொடுக்க முடியாததால் வருவது. அப்போது ஒலி தொடர்ந்து வரும். படம் மட்டும் துள்ளித் துள்ளி நகரும். விசிறி இரைச்சலிடும்; பெட்டியின் அடிப்பாகம் சுடும்.

எங்களுடையது இரண்டாம் வகை. இதற்கு மாடிக்குப் போவதால் பலன் இல்லை. இதை உறுதி செய்துகொள்ள யூடியூபிலேயே ஒரு வழி உண்டு. ஓடும் காணொளியின் மேல் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலின் கடைசியில் ‘ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்று ஓர் இடம் இருக்கும். அதைத் தேர்ந்தெடுத்தால் எத்தனை படங்கள் விடுபட்டன என்ற எண்ணிக்கை தெரியும். அந்த எண் ஏறிக்கொண்டே போனால், குறை கணினியின் பக்கம் என்று அறியலாம்.

கணினி சுமக்கும் பாரம்

காணொளி என்பது உண்மையில் அசையும் படமன்று. அசையாப் படங்களை நொடிக்கு 25 அல்லது 30 வீதம் அடுத்தடுத்துக் காட்டுவதால், அசைவது போன்ற தோற்றம் நமக்கு உண்டாகிறது. நொடிக்கு 30 படம் என்றால் ஒவ்வொரு படத்தையும் ஏறத்தாழ 33 மில்லி நொடிக்குள் கணினி ஆயத்தம் செய்துவிட வேண்டும். முடியாவிட்டால் அந்தப் படத்தை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவும். அதைத்தான் நாம் ‘துள்ளுகிறது’ என்கிறோம்.

ஒவ்வொரு படமும் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. 360 தரம் என்று நாம் தேர்ந்தெடுக்கும் படத்தில் 640 × 360, அதாவது 2,30,400 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 3 பைட் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஒரு நொடிக் காணொளிக்கு 2 கோடி பைட்டுக்கு மேல் தேவை. இவ்வளவையும் அப்படியே இணையத்தில் அனுப்ப இயலுமா? இயலாது. எனவே அதைச் சுருக்கி அனுப்புகிறார்கள்.

சுருக்கும் வகையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நம் வகுப்பில் கணித ஆசிரியை கரும்பலகையின் முன் நின்று வட்டம் வரைகிறார். அடுத்தடுத்த இரண்டு படங்களை ஒப்பிட்டால் சுவரும் பலகையும் மாறவில்லை; சுண்ணக்கட்டி பிடித்த கை மட்டும் சிறிது நகர்ந்திருக்கிறது. ஆகவே முழுப் படத்தை ஒருமுறை அனுப்பிவிட்டு, அடுத்து மாறியதை மட்டும் சொன்னால் போதுமானது. இம்முறையில் 2 கோடி பைட்டை அறுபதாயிரம் எழுபதாயிரம் பைட்டாகக் குறைத்துவிட முடிகிறது.

சுருக்கியதை நம் வீட்டுக் கணினி மீண்டும் விரிக்க வேண்டும். நிலக்கோட்டைச் சந்தையில் மல்லிகையைச் சிப்பமாகக் கட்டுவது ஒரு வேலை என்றால், போய்ச் சேர்ந்த ஊரில் அதை வாடாமல் பிரித்துப் பரப்புவது இன்னொரு வேலை. பழைய கணினி திணறுவது, பிரிக்கும் இந்த வேலையில்தான்.

முதல் வழி: விரலுக்குத் தகுந்த வீக்கம்

மிக எளிய வழி, படத்தின் தரத்தைக் குறைப்பது. 1080 தரத்தில் ஒரு படத்திற்கு 1920 × 1080, அதாவது 20,73,600 புள்ளிகள். 360 தரத்தைப் போல இது சரியாக ஒன்பது மடங்கு. ஒன்பது மடங்கு புள்ளிகளை அதே 33 மில்லி நொடிக்குள் விரிக்கச் சொன்னால் பன்னிரண்டு பதின்மூன்று வயதான பொறி என்ன செய்யும்?

இதில் வேடிக்கை ஒன்றும் உண்டு. எங்கள் மடிக்கணினியின் திரையில் உள்ள புள்ளிகளே 1366 × 768, அதாவது 10,49,088 தான். 1080 தரத்தில் வரும் புள்ளிகளில் ஏறத்தாழ பாதியைக் காட்ட அதில் இடமே இல்லை. கணினி பாடுபட்டு விரித்து, பிறகு பாடுபட்டுச் சுருக்கிக் காட்டுகிறது. இரண்டும் வீண் உழைப்பு. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது திரைக்கும் பொருந்துகிறது.

ஆசிரியர் பேசுவதை மட்டும் கேட்கும் பாடத்திற்கு 360 தரமே போதும். கரும்பலகையில் கணக்கைப் படிக்க வேண்டுமானால் 480 வைத்துக்கொள்ளலாம். வடிவியல் வரைபடங்களில் சிறு எழுத்துகள் தெரியாதபோது மட்டும் 720 போட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறோம்.

இதனால் இணையச் செலவும் குறைகிறது. ஒரு காணொளி நொடிக்கு 5 லட்சம் பிட் வீதம் வருவதாகக் கொண்டால், ஒரு மணி நேரத்திற்கு 225 எம்.பி. ஆகும். அதுவே உயர்ந்த தரத்தில் நொடிக்கு 40 லட்சம் பிட் வீதம் வந்தால் 1,800 எம்.பி. ஆகிவிடும். நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. தரும் சந்தா, ஒரு மணி நேரப் பாடத்திற்கே காணாது!

இரண்டாம் வழி: பூட்டுக்கு ஏற்ற சாவி

தரத்தைக் குறைத்த பின்னும் 480-இல் எங்கள் படம் துள்ளியது. காரணம் வேறு ஓரிடத்தில் இருந்தது.

காணொளியைச் சுருக்கும் முறைகள் பல உள்ளன. அவற்றைக் கோடெக் என்பர். 2003-இல் வந்த எச்.264 ஒரு முறை. 2013-இல் வந்த வி.பி.9 இன்னொன்று, 2018-இல் வந்த ஏ.வி.1 மற்றொன்று. புதிய முறைகள் காணொளியை மேலும் நன்றாகச் சுருக்குகின்றன. ஆனால் அவற்றை விரிப்பதற்கு அதிக உழைப்பு வேண்டும்.

கணினியின் மையச் செயலி எல்லா வேலைகளையும் செய்யும் பொது வேலையாள் போன்றது. அதன் சுமையைக் குறைப்பதற்காக, காணொளியை மட்டும் விரிக்கும் தனிப் பகுதி ஒன்றை வரைகலைச் சில்லுக்குள் அமைத்திருக்கிறார்கள். 2011, 2012-ஆம் ஆண்டுகளில் வந்த இன்டெல் பொறிகள் பலவற்றிலும் இந்தப் பகுதி உண்டு. ஆனால் இம்மூன்றில் அது எச்.264-ஐ மட்டுமே அறியும். வி.பி.9 அப்போது நிறைவு பெறவே இல்லை. பிறக்காத பிள்ளையின் பெயர் அதற்கு எப்படித் தெரியும்? யூடியூபோ, உலாவி ஏற்றுக்கொள்ளுமானால் வி.பி.9 அல்லது ஏ.வி.1 வகையையே பெரும்பாலும் அனுப்புகிறது. தனிப் பகுதி சும்மா இருக்க, மையச் செயலியே முழுச் சுமையையும் சுமக்கிறது. திண்டுக்கல் பூட்டுக்கு வேறு பூட்டின் சாவியைப் போட்டுத் திருகினால் கைதான் வலிக்கும்.

இதற்குத் தீர்வு, யூடியூபிடம் ‘எங்களுக்கு எச்.264 வகையையே கொடு’ என்று கேட்பது. பயர்பாக்ஸ், குரோமியம் ஆகிய உலாவிகளில் சேர்த்துக்கொள்ளக்கூடிய ‘எச்264ஐஃபை’ என்னும் சிறிய இணைப்பு நிரல் இதைச் செய்கிறது. நொடிக்கு 60 படம் ஓடும் வகையைத் தடுத்து 30 படம் ஓடும் வகையைப் பெறவும் அதில் வசதி உண்டு. அதனால் சுமை இன்னும் பாதியாகக் குறையும். அதைச் சேர்த்தபின் முன்பு சொன்ன புள்ளிவிவரப் பெட்டியில் கோடெக் என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். ‘ஏ.வி.சி.1’ என்று தொடங்கினால் அது எச்.264-தான்.

லினக்ஸில் அந்தத் தனிப் பகுதியை எழுப்புவதற்கு ஓர் இயக்கி நிரலும் வேண்டும். பழைய இன்டெல் பொறிகளுக்கு ‘ஐ965’ என்னும் இயக்கி பொருந்தும். புதிய பொறிகளுக்கு உரியது வேறு. ‘வி.ஏ.இன்ஃபோ’ என்ற கட்டளையைக் கொடுத்தால் எந்தெந்த முறைகளை நம் பொறி அறியும் என்று பட்டியலிட்டுக் காட்டும். பயர்பாக்ஸ் உலாவி 2023-இல் வந்த 115-ஆம் பதிப்பிலிருந்து, லினக்ஸில் இன்டெல் பொறிகளின் இந்தத் தனிப் பகுதியைத் தானாகவே பயன்படுத்துகிறது. தனிப் பகுதியே இல்லாத மிகப் பழைய பொறிகளிலும் எச்.264-ஐ விரிப்பது மற்ற இரண்டையும் விட எளிது. ஆகையால் எவ்வகையிலும் நட்டமில்லை.

இதைச் செய்தபின் எங்கள் 480 தரப் படம் துள்ளாமல் ஓடியது. விசிறியின் இரைச்சலும் தணிந்தது.

மூன்றாம் வழி: வீட்டைச் சுத்தம் செய்தல்

மையச் செயலியைப் போலவே முக்கியமானது ரேம் என்னும் நினைவகம். எங்கள் மடிக்கணினியில் உள்ளது 2 ஜி.பி. மட்டுமே. அலங்காரம் மிகுந்த டெஸ்க்டாப் சூழல் ஒன்று, நாம் எதையும் திறப்பதற்கு முன்பே ஏறத்தாழ ஒரு ஜி.பி.யை எடுத்துக்கொள்ளும். உலாவியில் ஒரு காணொளிப் பக்கம் பல நூறு எம்.பி. கேட்கும். இடம் போதாதபோது கணினி வன்தட்டில் எழுதி எழுதிப் படிக்கத் தொடங்கும். வன்தட்டு நினைவகத்தைவிடப் பன்மடங்கு மெதுவானது. எல்லாம் உறைந்து நின்றுவிடும்.

எனவே நாங்கள் எல்.எக்ஸ்.கியூ.டி. என்னும் எளிய சூழலுடன் டெபியனை நிறுவினோம். எக்ஸ்.எஃப்.சி.ஈ. என்பதும் இதைப் போன்று எளிமையானதே. இவை பெரிய சூழல்களைவிடக் குறைந்த இடத்தையே எடுக்கின்றன. லுபுண்டு, எம்.எக்ஸ். லினக்ஸ் ஆகிய தொகுப்புகளிலும் இத்தகைய எளிய சூழல் ஆயத்தமாகவே கிடைக்கிறது. நினைவகத்தில் உள்ளவற்றைச் சுருக்கிவைத்து இடம் உண்டாக்கும் ‘இசட்-ரேம்’ என்னும் வசதியையும் சேர்த்துக்கொண்டோம்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, வன்தட்டில் இருப்பவற்றை முன்னரே வேறிடத்தில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். சித்தியின் கல்லூரிப் படங்கள் அந்தப் பெட்டியில் இருந்தன. அவற்றை எடுத்துவைக்காமல் கை வைக்கக் கூடாது என்று தோழியின் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இரண்டாவது, நிறுவுவதற்கு முன்பு பென் டிரைவிலிருந்தே லினக்ஸை இயக்கிப் பார்த்து, ஒலியும் வைஃபையும் வேலை செய்கின்றனவா என்று அறிய வேண்டும். மூன்றாவது, பொறி 32 பிட் வகையா 64 பிட் வகையா என்று பார்க்க வேண்டும். 2025-இல் வந்த டெபியன் 13, பழைய 32 பிட் கணினிகளுக்கான நிறுவியை வழங்குவதில்லை. எங்களுடையது 64 பிட் ஆதலால் தப்பித்தோம். கணினி ஆசிரியையை அருகில் வைத்துக்கொண்டு இவ்வேலையைச் செய்வது நலம்.

வெளிப்புறச் சுத்தமும் வேண்டும். விசிறியில் பஞ்சுபோல் அடைந்திருக்கும் தூசி காற்றைத் தடுக்கும். சூடு ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ளச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மெத்தை மேல் வைத்துப் பார்த்தாலும் இதே கதிதான். எங்கள் பெட்டி இப்போது பலகையின் மேல்தான் அமரும். பாடம் பார்க்கும்போது உலாவியில் அந்த ஒரு பக்கத்தைத் தவிர வேறெதையும் திறந்து வைப்பதில்லை.

நான்காம் வழி: உலாவி இல்லாமலே பார்த்தல்

யூடியூபின் பக்கத்தைத் திறந்தால் காணொளி மட்டுமா வருகிறது? பக்கவாட்டில் இருபது படங்கள், கீழே கருத்துரைகள், பின்னால் ஓடும் நிரல்கள் என்று ஒரு திருவிழாவே வருகிறது. பாரத்தில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. எனவே காணொளியை மட்டும் தனியாக ஓட்டும் மென்பொருள் கிடைத்தால் பழைய கணினிக்கு மூச்சு விட முடியும்.

எம்.பி.வி., வி.எல்.சி. ஆகியவை அத்தகையவை. வி.எல்.சி.யின் கதை மாணவியராகிய நமக்கு ஊக்கம் அளிப்பது. 1996-இல் பாரிஸ் நகரக் கல்லூரி ஒன்றின் மாணவர்கள், தங்கள் வளாகத்துக் கணினி வலையில் காணொளி பார்ப்பதற்காகத் தொடங்கிய பணி அது. 2001 முதல் உலகம் முழுவதற்கும் கட்டற்ற மென்பொருளாகக் கிடைக்கிறது. எம்.பி.வி. அதைவிடவும் எளிமையானது, பொத்தான்கள் கூட அதிகம் இல்லை. கட்டளை எழுத விரும்பாதவர்கள் எம்.பி.வி.யின் மேல் அமைந்த எஸ்.எம்.பிளேயரைப் பயன்படுத்தலாம். பாடம் வெறும் பேச்சாக இருந்தால், படத்தை நிறுத்திவிட்டு ஒலியை மட்டும் கேட்கவும் எம்.பி.வி.யில் முடியும்.

‘ஒய்.டி.-டி.எல்.பி.’ என்னும் துணை நிரலைச் சேர்த்தால் எம்.பி.வி. இணையக் காணொளிகளை நேரடியாகவே ஓட்டும். 480-க்கு மேல் வேண்டாம், எச்.264 மட்டும் வேண்டும் என்று அதனிடம் ஒருமுறை சொல்லிவைத்தால் போதும். ஆனால் இதில் இரண்டு செய்திகளை மறைக்கக் கூடாது. யூடியூப் தன் அமைப்பை அடிக்கடி மாற்றுவதால் இந்நிரலையும் அடிக்கடிப் புதுப்பிக்க வேண்டும். 2025-இன் இறுதியில் வந்த பதிப்புகளுக்கு யூடியூபில் முழுமையாகப் பணிபுரிய, டீனோ போன்ற இன்னொரு நிரலும் துணை வேண்டும். அன்றியும், தான் வழங்கும் வழிகளில் அல்லாமல் வேறு வழியில் காணொளிகளை எடுப்பதை யூடியூபின் விதிகள் விலக்குகின்றன.

இதைப் பற்றி எங்களுக்குள் வாக்குவாதமே நடந்தது. ‘பாடம்தானே பார்க்கிறோம், என்ன தவறு?’ என்றாள் ஒருத்தி. ‘வாசல் திறந்திருக்கும்போது சுவரேறிக் குதிப்பது ஏன்?’ என்றாள் மற்றொருத்தி. உலாவியிலேயே ஓடும்படி செய்துவிட்ட பிறகு யூடியூபுக்கு இந்த நிரல் தேவையில்லை என்று முடிவு செய்தோம். பதிவிறக்கிக்கொள்ள அனுமதி தரும் தளங்களின் காணொளிகளுக்கு மட்டுமே எம்.பி.வி.யை வைத்துக்கொண்டோம்.

அத்தகைய தளங்கள் குறைவு அல்ல. நம் பாடநூல்களில் 2018 முதல் அச்சிடப்பட்டுவரும் கியூ.ஆர். குறியீடுகள் தீக்ஷா தளத்தின் பாடங்களுக்கு வழிகாட்டுகின்றன. மேற்படிப்புப் படிக்கும் அக்காமார்களுக்கு, ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். இருக்கிறது. அதன் விரிவுரைகளைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஒருமுறை இறக்கி வைத்துவிட்டால் இணையமே இல்லாதபோதும் பார்க்கலாம். பென் டிரைவில் அடுத்த வீட்டுத் தங்கைக்கும் கொடுக்கலாம். பத்து முறை பார்த்தாலும் இணையச் செலவு ஒருமுறைதான்.

சுருங்கச் சொன்னால்

தோழியர் நினைவில் கொள்ள வேண்டியவற்றை வரிசையாகத் தருகிறோம்:

1. துள்ளுவது இணையமா, கணினியா என்று முதலில் கண்டறிக.
2. திரைக்கு மிஞ்சிய தரம் வேண்டாம்; 360 அல்லது 480 போதும்.
3. எச்.264 வகையைக் கேட்டு வாங்குக. உரிய இயக்கியை நிறுவுக.
4. எளிய லினக்ஸ் சூழலை வைத்துக்கொண்டு, ஒரே ஒரு பக்கத்தைத் திறந்து, விசிறியில் தூசி இல்லாமல் பார்த்துக்கொள்க.
5. அனுமதி உள்ளவற்றை இறக்கிவைத்து எம்.பி.வி.யிலோ வி.எல்.சி.யிலோ பார்க்க.

இவற்றால் பழைய கணினி புதியதாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. இரண்டு மூன்று வேலைகளை ஒரே நேரத்தில் கொடுத்தால் எங்கள் பெட்டி இன்றும் திணறுகிறது. அதன் மின்கலம் இருபது நிமிடம் கூடத் தாங்காததால் எப்போதும் மின்சாரத்தில் மாட்டியே வைத்திருக்கிறோம். மின்தடை வந்தால் பாடமும் நின்றுவிடும். ஆனாலும், செய்யக்கூடிய ஒரு வேலையை மட்டும் கொடுத்தால் அது முகம் சுளிக்காமல் செய்கிறது.

2020-இல் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் சிறு வகுப்பில் இருந்தோம. கைப்பேசி உள்ள வீட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். இல்லாதவர்கள் தெருவில் விளையாடினார்கள். அது அவர்கள் குற்றம் அன்று. அந்நாளில் எத்தனை வீட்டு அலமாரிகளில் இப்படிப்பட்ட மடிக்கணினிகள் தூங்கிக்கொண்டிருந்தனவோ என்று இப்போது எண்ணிப் பார்க்கிறோம். பெற்றோர் தங்கள் வீட்டு அலமாரியை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டுகிறோம். வேண்டாத மடிக்கணினி இருந்தால் இரும்புக் கடைக்கு அனுப்புவதற்கு முன் பள்ளிக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, சரியான சாவியைப் போட்டுப் பார்க்க நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

தோழி இப்போது மாலை ஆறரை மணிக்குத் தன் வீட்டுத் திண்ணையிலேயே பாடம் பார்க்கிறாள். சென்ற மாதம் தொடர் இணைப்பையும் பக்க இணைப்பையும் எங்கள் மூவருக்கும் அவளே வரைந்து விளக்கினாள். ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்திருந்த சித்தி, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘என் பெட்டியா இது? இன்னும் உயிரோடு இருக்கிறதா!’ என்று கேட்டார். மூடியின் மேல் அவர் அந்நாளில் ஒட்டிய பெயர்ச்சீட்டு இன்னும் இருக்கிறது. அதற்குக் கீழே தன் பெயரையும் எழுதிக்கொள்ளத் தோழிக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு